நாலரை லிட்டர்

ஏழாம் வகுப்பில் எங்கள் வீட்டு ஆட்களின் மூச்சை அளந்தேன். பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எரிமலை செய்ய எனக்கு முன்பே பதினோரு பேர் பெயர் கொடுத்துவிட்டதால், நான் நுரையீரலை எடுத்துக்கொண்டேன்.

கருவி எளிது. ஐந்து லிட்டர் தண்ணீர் கேனில் அரை அரை லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் மார்க்கரால் ஒரு கோடு. பிறகு கேனை நிறைத்து, தண்ணீர் உள்ள டப்பில் கவிழ்த்து, அதன் வாய்க்குள் ரப்பர் குழாயை விட வேண்டும். மூச்சை முட்ட இழுத்து ஒரே மூச்சில் ஊதினால், காற்று உள்ளே ஏறித் தண்ணீரை வெளியே தள்ளும். எந்தக் கோடு வரை தண்ணீர் இறங்குகிறதோ அதுதான் அந்த ஆளின் அளவு. எவ்வளவு ஊதினாலும் உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும், அதை யாராலும் வெளியேற்ற முடியாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். பெண்களைவிட ஆண்களுக்கும், குள்ளமானவர்களைவிட உயரமானவர்களுக்கும் அளவு கூடும் என்றும் சொன்னார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

பூனாவை ஒட்டிய நிக்டியில் எங்கள் வீட்டுப் பாத்ரூம்தான் சோதனைக்கூடம். நான் இரண்டு லிட்டர். அம்மா அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்து, மூன்று லிட்டர் ஊதிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள். எங்களோடு தங்கி ஐடி கம்பெனிக்குப் போய்வந்த மாமா ஐந்தைத் தொட்டார். நடுவில் மூக்கால் திருட்டு மூச்சு இழுத்ததைக் கண்டுபிடித்து, மூக்கில் துணி கிளிப்பை மாட்டி மறுபடி ஊதவிட்டேன். நாலுக்கு இறங்கினார்.

அப்பாவை ஞாயிற்றுக்கிழமைதான் பிடிக்க முடிந்தது. கோயம்புத்தூரில் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை பழகி, நிக்டிக்குப் பக்கத்தில் சாகணில் ஒரு பவுண்டரிக்கு வந்து பல வருஷம் ஆனவர். மணல் அச்சை உடைத்து வார்ப்பை வெளியே எடுக்கிற பிரிவில் வேலை. அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குவார். டாக்டரைப் பாருங்கள் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் பூனாக் குளிர், ரோட்டுத் தூசி என்று எதையாவது சொல்லி நழுவிவிடுவார். எனக்கு அதிலெல்லாம் கவனம் இல்லை. வீட்டிலேயே உயரமானவர் என்பதால் பட்டியலின் முதல் வரியை அவருக்கென்று காலியாக விட்டிருந்தேன்.

அம்மாவும் மாமாவும் காய்கறி வாங்கப் போயிருந்த நேரம். அப்பா கிளிப்பை மாட்டிக்கொண்டு ஊதினார். தண்ணீர் இரண்டரைக் கோட்டில் நின்றது.

“கேன் ஓட்டையா இருக்குமோ, அம்முணி?” என்றார்.

ஓட்டை இல்லை. மறுபடி ஊதச் சொன்னேன். இந்த முறை இரண்டரைகூட வரவில்லை, இருமல்தான் வந்தது. லீவு நாளென்று சோம்பல் படுகிறீர்கள் என்று கடிந்துகொண்டேன். அவர் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத அம்மா பாக்கோணுமா, கண்ணு?”

பெண்டாட்டியிடம் அரை லிட்டரில் தோற்றது அவமானமாக இருக்கிறது போல என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. டீச்சர் சொன்னதற்கும் அந்த அளவு ஒத்துவரவில்லை, தப்பாக அளந்திருக்கிறாய் என்பார். பென்சிலில் எழுதியிருந்த இரண்டரையை அழித்துவிட்டு, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் நாலரை என்று எழுதினேன். மாமாவைவிட அரை லிட்டர் கூடுதல். அப்பா பார்த்தார், என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு ஓர் எரிமலைக்கு. கண்காட்சியில் அம்மா என் சார்ட்டின் முன்னால் நெடுநேரம் நின்றாள். என்னை நினைத்துப் பெருமைப்படுகிறாள் என்று நானாக எண்ணிக்கொண்டேன். ரிக்ஷாவில் திரும்பும்போது அப்பாவிடம், “நாந்தான் வீணா பயந்துக்கிட்டு இருந்தனுங்க” என்றாள். அப்பா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு அம்மா டாக்டர் பேச்சை எடுக்கவே இல்லை.

நான் பத்தாம் வகுப்பு படிக்கையில் ஒரு நாள், ஷிப்டில் இருந்தபோதே மூச்சு முட்டி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் மணல் தூசி படிந்து வருஷக்கணக்காகிறது என்றார் டாக்டர். இதற்கு முன் எப்போதாவது ஊதிப் பார்த்த அளவு உண்டா என்று இந்தியில் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு முன் நாலரை லிட்டர் என்றாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டு, இவ்வளவு வேகமாகக் குறைந்திருக்கிறதே என்று புருவத்தைச் சுருக்கினார். அப்பா சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது. அதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று பாத்ரூமில் அப்பா வெட்கப்பட்டார் என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் வேலைக்கு விடமாட்டாள் என்று அவர் பயந்தது எனக்குப் புரியவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்தபோதே அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், மறுநாள் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போனார்.