அம்மா பார்க்காத டால்பின்

அந்தப் படகுப் பயணம் அம்மாவுக்காகத்தான் ஏற்பாடானது. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து, சூளையில் வெந்த பொம்மைகளை வாங்கி வந்து அம்மா வீட்டிலேயே பெயிண்ட் அடித்துக் கொடுப்பாள். வாத்து, கிளி, பிள்ளையார் எல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் புதிதாக டால்பின் வந்தது. அச்சில் கண் கிடையாது. பெயிண்ட் அடிப்பவர்தான் வைக்க வேண்டும். அம்மா வாத்துக்கு வைப்பதுபோல நெற்றிக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாக வைத்து, அழகுக்கு இமைமயிரும் வரைந்துவிட்டாள். முதல் பெட்டி அப்படியே திரும்பி வந்தது.

"இது மீனா, மாடான்னு கடைக்காரரு கேக்கறாரும்மா" என்று சூப்பர்வைசர் சிரித்தார். அம்மாவும் கூடச் சிரித்தாள். அவர் போனதும், ஒவ்வொரு பொம்மையாக எடுத்து இமைமயிரைச் சுரண்டினாள்.

என் பாடப் புத்தகத்தில் இருந்த டால்பின் கட்டைவிரல் அளவு. அதில் கண் ஒரு மைப்புள்ளி. "நேர்ல ஒரு தடவ பாத்துட்டா போதும், வெச்சிடுவேன்" என்று அம்மா சொன்னதை அவள் தம்பி, என் மாமா, பிடித்துக்கொண்டார். பரங்கிப்பேட்டையில் அவருக்குப் படகு வைத்திருந்த சிநேகிதர் ஒருவர் இருந்தார். கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, மாமா, நான் நால்வரும் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் சின்னத் தீவுபோல ஒரு மணல் திட்டு. ஆற்றுப் பக்கம் இடுப்பளவு தண்ணீர், அடியில் மணல் தெரிந்தது. நல்லூர்ப் பெரியப்பா கிணற்றில் அந்தக் கோடையில்தான் நீச்சல் பழகியிருந்தேன். திட்டைத் தாண்டும்போதே என் மனம் அங்கே குதித்துவிட்டது. திரும்பும்போது குளிக்கலாமா என்று படகுக்காரரைக் கேட்டேன்.

"ஓங்கிலு நாம நெனச்சப்ப வராது பாப்பா" என்றார். டால்பினை அவர் அப்படித்தான் சொன்னார். "ஒரு மணி நேரமும் ஆவும், ரெண்டும் ஆவும். அதுக்குள்ள தண்ணி ஏறிட்டா இங்க எறங்க வுட மாட்டேன்."

முகத்துவாரத்தில் படகு தூக்கிப் போட்டது. அம்மா முன்பக்கம் உட்கார்ந்து, பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "மயக்கமா வருது" என்றேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை, கொஞ்சம் பயம் இருந்தது. ஆனால் மயக்கம் இல்லை. நினைவை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் மயக்கம் இல்லை.

"ஏழு இட்லி தின்னுட்டு வந்தா கடலு என்னாடி பண்ணும்" என்றார் மாமா.

அப்பா அம்மாவிடம், "நான் இவளோட திட்டுல எறங்கிக்கறேன். நீ போயிட்டு வா" என்றார். அப்பா கூட இருந்தால் துண்டை விரித்துப் படுக்க வைத்துவிடுவார், தண்ணீர்ப் பக்கம் விடமாட்டார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வாந்தி எடுத்தா உங்களுக்கு ஒன்னும் பாக்கத் தெரியாதுங்க. நானே இருக்கறேன்" என்றாள்.

படகு திரும்பி வந்து எங்கள் இருவரையும் திட்டில் இறக்கிவிட்டுப் போனது. பத்து நிமிடத்தில் நான் தண்ணீரில் இருந்தேன். அம்மா திட்டவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே இறங்கினாள். மல்லாந்து மிதந்து காட்டினேன், மூச்சடக்கி முங்கிக் காட்டினேன். கை தட்டினாள். இடையிடையே கடல் பக்கம் திரும்பினாள். மணல் மேடு மறைத்தது. மேட்டில் ஏறி நின்றால் தெரிந்திருக்கும். தண்ணீரில் என்னை விட்டுவிட்டு அவள் ஏறவில்லை.

படகு திரும்பியபோது மாமா தூரத்திலிருந்தே நான்கு விரலைக் காட்டினார். "நாலு வந்துச்சுக்கா. படகு ஓரத்துலயே."

"கண்ணு எங்க இருக்குது?" என்று அம்மா கேட்டாள்.

"முதுகுதான் தெரிஞ்சுது" என்றார் அப்பா.

இன்னொரு முறை போகலாமா என்று அம்மா கேட்கவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. அடுத்த வாரம் டால்பின் பெட்டிகள் வேறொருவர் வீட்டுக்குப் போயின. அம்மா வாத்துக்குத் திரும்பினாள்.

இப்போது என் மகள், ஸ்கூல் வேன் வரும் நேரத்தில் வயிறு வலி என்பாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் சில நாள் வீட்டில் வைத்துக்கொள்கிறேன். செய்தது சரிதானா என்று சாயங்காலம்வரை குழம்புகிறேன். போன வருடம் அம்மாவிடம், பாண்டிச்சேரியில் டால்பின் பார்க்கப் படகு விடுகிறார்களாம், போகலாமா என்று கேட்டேன். "இந்த முட்டிய வெச்சிக்கிட்டு படகு ஏறவா? டிவியிலயே கிட்டக்க காட்டறான்" என்றாள். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன், வாரி முடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டையிலிருந்து ஊர் திரும்பும் பஸ்ஸில், என் ஈரத் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டே அம்மா கேட்டாள்: "இப்ப மயக்கம் இருக்குதா?"

"போயிடுச்சு" என்றேன்.

"அப்ப சரி" என்றாள்.

நம்பிவிட்டாள் என்ற நிம்மதியில், ஊர் வரும்வரை அவள் மடியில் தூங்கினேன்.