வெள்ளானூர் அம்மா என்னை நம்பிச் சொன்னது

கட்சிக்காரர் சொன்னதை வெளியே விடக்கூடாது, இரண்டு பக்கமும் நிற்கக்கூடாது என்று படித்துத்தான் பாஸ் செய்தேன். பூந்தமல்லி கோர்ட்டில் என் சீனியரிடம் அதைச் சொன்னால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் கடைசி. வக்கீலாகச் சன்னது வாங்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. குமாஸ்தா ஒரு அம்மாவைக் கூட்டிவந்து, "இது உங்க சொந்த கேஸ் மேடம், ஐயா குடுக்கச் சொன்னாரு" என்றார். எனக்கு ஒரே பூரிப்பு. அந்த அம்மாவுக்கு அம்பத்தூர் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. வெள்ளானூரில் அப்பா விட்டுப்போன மனை, அதில் இந்த அம்மா குடியிருக்கும் வீடு, முழுக்கத் தனக்கே என்று தம்பி கேஸ் போட்டிருந்தான். அவனுடைய பிராதில் நான் கேள்விப்படாத ஒரு வக்கீல் பெயர் இருந்தது.

"பாதி என்னுதுதான். ஆனா வக்கீலம்மா, உன்னாண்ட மட்டும் சொல்றேன். நான் கீற ஊட்ட மட்டும் உட்டா போதும், மீதிய அவனே எத்துகினு போவட்டும். புருசன் இல்லாதவ, எத்தினி வருசம் கோர்ட்டுக்கு அலைவேன்?"

இதை வேறு யாரிடமும் மூச்சுவிடாதீர்கள் என்றேன். தம்பிக்குத் தெரிந்தால், ராஜியாகப் போகலாம் என்கிற பேச்சே வீடு மட்டும் என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கும். அதிலும் அடித்துப் பிடுங்குவான்.

அன்று சாயங்காலம் சீனியர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "அந்தம்மா எதுவரைக்கும் எறங்கி வரும்?"

"எதுக்கு சார்?"

"தம்பி நம்ம கட்சிக்காரன்தாம்மா. பிராதுல இருக்கறது சும்மா ஒரு பேரு. நமக்குள்ள என்ன ரகசியம்?"

அங்கே அது ஒரு ஏற்பாடு. ஒரு பக்கத்துக்கு இரவல் பெயர், மறுபக்கத்துக்குப் புதுசாக வந்த ஜூனியர், நடுவில் ஐயா. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். கோர்ட் முழுக்கத் தெரிந்த விஷயம், என்னைத் தவிர. தெரியாத ஆள்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

"சொல்ல முடியாது சார்."

"குடும்பச் சண்டைம்மா. சீக்கிரம் முடிச்சுவெச்சா புண்ணியம்."

புண்ணியமாம்! ஒரு விதவையின் வயிற்றெரிச்சலில் வருகிற புண்ணியம். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாய்தாவன்று வராண்டாவிலேயே அந்த அம்மாவிடம் சொன்னேன். உங்கள் தம்பி கேஸை நடத்துவது என் சீனியர், அதனால் நான் உங்களுக்கு ஆஜராகக்கூடாது என்று.

"இன்னாடி இது? மன்சுல கீறதெல்லாம் வாங்கிகினு இப்ப கயட்டிவுடுறியா? அத்தினியும் அந்தாளாண்ட சொல்ட்டியா?"

"ஒரு வார்த்தை சொல்லலம்மா."

"நான் நம்பணுமா?"

கறுப்புக் கோட்டுகள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தன.

கேஸைக் கூப்பிட்டதும் முன்சீப்பிடமும் அதையே சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என் சீனியரைப் பார்த்தார். வேறு வக்கீல் வைத்துக்கொள்ள அந்த அம்மாவுக்கு அவகாசம் கொடுத்தார். அடுத்த கேஸைக் கூப்பிடச் சொன்னார். சீனியரை ஒரு கேள்வி கேட்கவில்லை.

வெளியே அந்த அம்மா மறித்துக்கொண்டு நின்றது. "செரி, யோக்கியமான வக்கீல் யாரு? காட்டு."

என் சீனியரோடு டீ குடிக்காத ஒரு ஆள் அந்த வராண்டாவில் இல்லை. என்னோடு படித்தவளின் அப்பா திருவள்ளூரில் வக்கீலாக இருந்தார். விலாசம் சொல்லி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போய் ஏற்றிவிட்டேன்.

"என்கிட்ட சொன்னதை அவர்கிட்ட அப்படியே சொல்லுங்கம்மா. வீடு மட்டும் போதும்னு அவருக்குத் தெரிஞ்சாதான் சீக்கிரம் முடிச்சுக் குடுப்பாரு."

ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அது என்னை முறைத்தது. "இனிமே எந்த வக்கீலாண்டயும் வாயத் தொறக்க மாட்டேன், போ."

பஸ் கிளம்பிவிட்டது. இனி அது சொல்லாது. வீடு மட்டும் போதும் என்பது தெரியாமல் அந்தத் திருவள்ளூர் வக்கீல் பாதி மனைக்காக வருஷக்கணக்கில் வாதாடுவார், அது வேலைக்கு லீவு போட்டு அலையும். என் சீனியர் நாசமாகப் போகட்டும் என்று நடு பஸ் ஸ்டாண்டில் வாய்விட்டுச் சபித்தேன்.