பத்தொன்பதில் போன எண்

கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஏர் பிரேக் விடும் 'புஸ்' என்ற சத்தமும், வெயிலில் சூடேறிய ரெக்சின் சீட்டின் வாடையும்தான் எனக்குப் பத்தாம் வகுப்பு. எண்ணூரில் ஏறிவரும் கஸ்தூரியும் திருவொற்றியூரில் ஏறும் நானும், வேன் ராயபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள், முன்னால் நிற்கும் கண்டெய்னரின் கதவில் எழுதியிருக்கும் ஆறு இலக்க எண் எதனால் மீதியில்லாமல் வகுபடும் என்று போட்டி போடுவோம்; எதிலும் வகுபடாத எண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் 'கல்லு'.

கணக்குப் பரீட்சையன்று டோல்கேட்டுக்கு முன்பே வேன் மாட்டிக்கொண்டது. பரீட்சை போய்விடுமோ என்று நான் வாட்சையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "அங்க பார்டி" என்றாள் கஸ்தூரி. துருவேறிய கதவில் 510511. இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று. மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு என்று எதில் போட்டாலும் அதே ஒன்றுதான் மிஞ்சியது. நான் மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன்.

"ஒண்ணு கொறச்சுப் பாரு. 510510. அது இத்தினி நம்பர்லயும் போவுது. அதான் இதுல ஒண்ணு நிக்குது" என்று அவள் கண்டுபிடித்துச் சொன்னபோது, என் பயம் போன இடம் தெரியவில்லை. அப்படியானால் இது கல்லுதான் என்று நான் சாதித்தேன். அவள் ஒப்பவில்லை.

"வண்டி இப்ப நவுராது. எறங்குங்க, நடந்துகினே போயி ஷேர் ஆட்டோ புடிச்சிக்கலாம்" என்று வேன் ஓட்டும் பாஸ்கர் அண்ணன் வண்டியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு எங்களை ரோட்டோரமாக விறுவிறுவென்று கூட்டிக்கொண்டு போனார். நடந்தபடியே உள்ளங்கையில் பேனாவால் வகுத்துக்கொண்டு வந்த கஸ்தூரி, ஆட்டோவில் ஏறும்போது என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பத்தொம்போதுல போவுதுடி. மீதியே இல்ல."

மணி அடித்த பிறகுதான் ஹாலுக்குள் நுழைந்தோம். மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னம்மா இது? எந்தப் பாடத்துல வருது?"

"கண்டெய்னர்ல வருது டீச்சர்."

ஹாலே சிரித்தது. பிட் என்று வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று நான் பயந்தேன். கஸ்தூரி நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்த டீச்சர், "கையைக் கழுவிட்டு வந்து எழுது" என்றார்.

விடைத்தாளை வாங்கும்போது அவரே குரலைத் தணித்துக் கேட்டார். "பத்தொன்பதால வகுத்தா இருபத்தாறாயிரத்து எண்ணூத்தி அறுபத்தொன்பது வருதே, அது இன்னும் உடையுமா?"

உடைந்தது. திரும்பும் வழியில், வேனில், நான்தான் உடைத்தேன். தொண்ணூற்றேழு, இருநூற்று எழுபத்தேழு. இரண்டுமே கல்லு. கஸ்தூரி என்னைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் பாஸ்கர் அண்ணன் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, "இன்னா ஆச்சு?" என்று திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. அங்கே குடோன் கட்டிவிட்டார்கள். கஸ்தூரி கப்பல் சரக்கு ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறாள். போன வாரம் என் மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் போனில் எண்ணைத் தட்டி, நான் பாதிகூடச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று காரணிகளையும் காட்டி, "இவ்ளோதானாம்மா?" என்றாள். நான் அவள் போனை வாங்கி வைத்துவிட்டு, பேனாவை எடுத்து அவள் உள்ளங்கையில் வேறொரு ஆறு இலக்க எண்ணை எழுதினேன்.