மச்சானைத் தெரியாது என்றேன்

முதல் அடி மச்சானின் முழங்காலுக்குப் பின்னால் விழுந்தது. அவன் மடங்கி உட்கார்ந்தான். இரண்டாவது அடி முதுகில். மூன்றாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினான். மணிக்கட்டில் கரும்பு ஒடிவது போல் ஒரு சத்தம் கேட்டது. நான் பத்தடி தள்ளிக் கைகளைத் தலைமேல் வைத்து மண்டியிட்டிருந்தேன். என்மேல் இன்னும் ஓர் அடிகூட விழவில்லை.

அடித்தவர்கள் நான்கு பேர், செம்மரம் வெட்டுகிறவர்களைத் தேடிக் காட்டுக்குள் சுற்றும் வனக் காவலர்கள். அடிபட்டவன் என் மனைவியின் தம்பி, பாலசமுத்திரத்தில் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிறவன். ஒரு மரத்தையும் வெட்டியதில்லை. அவனை அங்கே கூட்டிக்கொண்டு போனவன் நான்.

வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த வருடங்களில் மற்றவர்கள் விடுமுறைக்குத் தங்கம் வாங்கினார்கள், நான் டிக்கெட் வாங்கினேன். யாரும் போகாத இடமாகப் பார்த்துப் போவேன். தஜிகிஸ்தான் மலையில் துப்பாக்கி வைத்திருந்த ஒரு சிப்பாய் தன் ரொட்டியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தான். எத்தியோப்பியாவின் உப்புப் பாலைவனத்தில் செருப்பின் அடிப்பாகம் பிரிந்து போகும்வரை நடந்தேன். ஊர் திரும்பித் திருப்பதியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இதையெல்லாம் சொல்லி வாயாலேயே வடை சுட்டுக்கொண்டிருந்தேன். மனைவி எழுந்து போய்விடுவாள். மச்சான் மட்டும் வாயைப் பிளந்து கேட்பான்.

"மாமா, தேசம் தேசமா சுத்திக்கினு வந்தியே, நம்ம சேஷாசலம் மலைக்காட்டுக்குள்ள ஒரு குண்டம் இருக்குதாமே. அருவித் தண்ணி கண்ணாடியாட்டம் நிக்குதாம். ஒருத்தரும் போறதில்லியாம். என்னையும் இட்டுக்கினு போயேன்" என்றான்.

காட்டுக்குள் போக அனுமதி வேண்டும் என்று அவனே ஞாபகப்படுத்தினான். "சிப்பாயே எனக்கு ரொட்டி குடுத்தான்டா. இங்க எவன் கேக்கப் போறான்?" என்றேன். வெளிநாட்டில் ஒவ்வொரு அனுமதிச் சீட்டுக்கும் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றவன் நான். சொந்த ஊர் என்றதும் எனக்குத் திமிர் வந்துவிட்டது.

அருவி பார்க்கப் போகிற திருப்பதிப் பையன்கள் கலர் பையில் பிரெட்டும் பிஸ்கட்டும் கொண்டு போவார்கள். மச்சான் அரிசி, புளி, வெங்காயம், அலுமினியக் குண்டான் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, விறகு வெட்டக் கொடுவாளையும் செருகிக்கொண்டான். "அவ்ளோ தூரம் போயி சோறு பொங்கித் துன்னாம வர்றதா?" என்றான். எங்கள் பக்கத்தில் ஏரிக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் பொங்கித் தின்பதுதான் வழக்கம். நாள்கணக்கில் காட்டில் தங்கி மரம் வெட்டுகிறவர்களும் இதே மூட்டையைத்தான் சுமக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பிடிபட்ட மூட்டைகளைச் செய்தியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. புளிச்சோற்றுக்கு என் நாக்கும் ஊறியது.

பாலசமுத்திரத்திலிருந்து சித்தூர் வழியாக வந்து, பாகாலாவில் டீ குடித்து, பைக்கை அடிவாரத்தில் போட்டுவிட்டு ஏறினோம். இரண்டு மணி நேரம் நடந்து ஓடைக்கரையில் சாக்கை இறக்கியபோதுதான் அந்த நான்கு பேரும் புதருக்குள்ளிருந்து பாய்ந்தார்கள். சாக்கைக் கவிழ்த்தார்கள். அரிசி மண்ணில் சிதறியது. கொடுவாளைக் கண்டதும் தடி இறங்க ஆரம்பித்தது. "மரம் வெட்ட வரல சாமி, குண்டம் பாக்க வந்தோம்!" என்று மச்சான் கதறினான். சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுகிறவனுக்கு அந்தப் பயத்தில் தமிழ்தான் வந்தது. செம்மரம் வெட்டிப் பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கூலிகள். தமிழைக் கேட்டதும் அந்த நான்கு பேருக்கும் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

நான் திருப்பதித் தெலுங்கில் படபடவென்று பேசினேன். மெக்கானிக் என்றேன், வேலை அட்டையை நீட்டினேன். தலைவர் மாதிரி இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தடியால் மச்சானைக் காட்டி, இவன் யார் என்று கேட்டார்.

"நாகு தெலீது சார்" என்றேன். எனக்குத் தெரியாது. வழியில் வந்து சேர்ந்துகொண்டான் என்றும் சொன்னேன்.

மச்சானுக்குப் புரிந்தது. மண்ணிலிருந்து முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த உதை விலாவில் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் கதறவே இல்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு கோழை நான்.

யாருக்காக வெட்ட வந்தான் என்று பார்க்க, ஒருவன் மச்சானின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தி அவன் போனைத் திறந்தான். முகப்பில் என் மகளின் காதுகுத்துப் படம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அவள் வீறிட்டு அழுகிறாள். பக்கத்தில் பட்டு வேட்டியில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். தலைவர் போனை என் முகத்தருகே பிடித்தார். உன் மைத்துனனா என்று கேட்டார். தலையாட்டினேன். செவிட்டில் ஓங்கி அறைந்துவிட்டுக் காறித் துப்பினார்.

ஆனால் குடும்பப் படத்தைப் பார்த்ததும் மரம் வெட்ட வந்தவர்கள் இல்லை என்று நம்பினார்கள், தடி நின்றுவிட்டது. எழுந்து போகச் சொல்லிவிட்டார்கள். முதலிலேயே ஒரு தரம் தலையாட்டியிருந்தால் அவன் விலா எலும்பு தப்பித்திருக்கும்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் மச்சான் தன் அக்காவிடம், பாறை வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். நானும் ஆமாம் என்றேன். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மாவுக்கட்டைப் பிரித்த மறுநாள் மாமனார் வீட்டுக்குப் போனோம். மாட்டுக்கொட்டகையில் நின்றிருந்தான். கை வற்றிப் போயிருந்தது. "இப்போ பரவாயில்லியா மச்சான்?" என்று கேட்டேன். அந்தக் கையாலேயே என் கன்னத்தில் அறைந்தான். என் மூக்குக்கண்ணாடி தெறித்துச் சாணத்தில் விழுந்தது. அறைந்த வலியில் அவனே கையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு குனிந்தான்.

மனைவி ஓடி வந்தாள். "இன்னாடா புடிச்சிது உனுக்கு? மாமாவையா அடிக்கிற?"

"என்னைக் கேக்காத யக்கா. அவரே சொல்லட்டும்" என்றான்.

பாறையும் வழுக்கலும் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தன. ஆனாலும் சொன்னேன். அடியை, கேள்வியை, நான் சொன்ன பதிலை, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் தம்பியை உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தாள். அவனால் பிசைய முடியவில்லை என்று தானே சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. சாயங்காலம் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பலாமா என்று கேட்டேன்.

"நீ போ. நாங்க வரல" என்றாள்.