நடுவில் நின்ற செபமாலை

மாமியின் குரல் நின்ற அந்தக் கணம்தான் எனக்கு எப்போதும் முதலில் ஞாபகம் வரும். செபமாலையின் மூன்றாம் தேவ இரகசியம். "அருள் நிறைந்த மரியே" என்று முதற்பாதியைத் தொடங்கியவர், பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார். மறுபாதியைச் சொல்லக் காத்திருந்த சனம் முழுக்க முழங்காலில் நின்றபடி விழித்தது. நாங்கள் ஒருவரும் பேசாத அந்த இடைவெளியில் குசினிக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. பலகையில் முற்றிய தேங்காயைத் தட்டுகிற மாதிரிச் சத்தம். ஒன்று, பிறகு இன்னொன்று. அது ஒரு பெண்ணின் தலை என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

மாமி என்பது என் மனைவியின் தாய். போன மாரியில் காலமானார். அடக்கப் பூசைக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஆள் ஒலிவாங்கியைப் பிடித்து, விசுவாசத்தின் தூண், பயம் என்பதே அறியாத பெண்மணி என்று புகழ்ந்து தள்ளினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பயம் அறியாத பெண்மணியாம்! என் மாமியைப் போலப் பயந்த சீவனை நான் கனடாவில், இந்த ஸ்காபுறோவில் வேறெங்கும் கண்டதில்லை. எலிவேற்றருக்குப் பயம். குப்பைத்தொட்டியைக் கிண்டவரும் ரக்கூனுக்குப் பயம். சீருடை போட்டவன் தபால்காரனாக இருந்தாலும் பயம். நான் பிறம்ரனில் டிரக்கை விட்டுவிட்டு 401 நெடுஞ்சாலையில் காரில் திரும்பும்போது, ஸ்காபுறோ வந்துசேரும்வரை அவர் கையில் செபமாலை உருண்டபடி இருக்கும். "தம்பி, ஆறுதலா வாங்கோ" என்று போனில் சொல்லிவிட்டு, நான் போனில் பேசியதால்தான் விபத்து வரப்போகிறது என்று அதற்கும் சேர்த்துப் பயப்படுவார்.

புரட்டாதி முடிந்து ஐப்பசி பிறந்தால் மோர்னிங்சைட் பக்கத்துக் கத்தோலிக்கத் தமிழரின் வீடுகளுக்கு மாதா வருவார். கோவிலில் இருந்து எடுத்த சுரூபம் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டுக்குப் போகும். அன்றைக்கு அந்த வீட்டில் செபமாலை, பாட்டு, பிறகு தேத்தண்ணியும் றோல்ஸும். எங்கள் வட்டத்துக்குச் செபம் நடத்துவது மாமிதான். நல்ல குரல் அவருக்கு. முழங்கால் வருத்தம் இருந்ததால் எல்லாரும் சுரூபத்தைப் பார்த்து முழங்காலில் நிற்க, அவர் மட்டும் சுவரோரம் ஒரு கதிரையில் பக்கவாட்டாக இருந்து சொல்லுவார். நான் சப்பாத்துக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்பேன். பக்தியால் அல்ல, வேலைக் களைப்பில் தூங்கி விழுந்தால் ஒருவருக்கும் தெரியாது என்பதால்.

செபமாலை நடுவில் நின்ற அந்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவர். அவர் வாசித்தால் கல்லும் உருகும் என்பார்கள். வீட்டில் மனைவியை அடிப்பார். இது இரகசியம் இல்லை. வெய்யில் காலத்திலும் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அவள் பூசைக்கு வருவதை எல்லாரும் பார்த்தோம். மாமி அவளைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். தாய் தகப்பன் ஊரில், இங்கே அவளுக்கென்று ஒருவரும் இல்லை. முந்திய வருடங்களிலும் அந்த வீட்டில் செபம் நடந்தபோது உள்ளுக்குள் சத்தம் கேட்டதுண்டு. அப்போது நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? பாட்டைக் கூட்டுவோம். உள்ளே சத்தம் ஏற ஏற, மூப்பர் கையைத் தட்டி இன்னும் உரத்துப் பாடச் சொல்லுவார். மூப்பர் என்பவர் எங்கள் வட்டத்துக்குத் தலைவர். மாதா பார்த்துக்கொள்வார் என்பது அவருடைய நம்பிக்கை. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.

அன்றைக்குப் பிரச்சினை தேத்தண்ணிக் கோப்பை. விருந்தாளிகளுக்கு என்று வைத்திருந்த நல்ல கோப்பைகளை எடுக்காமல், தினமும் பாவிக்கிறதை அவள் தட்டில் அடுக்கிவிட்டாள். அதற்குத்தான் வீட்டுக்காரர் செபத்தின் நடுவில் எழும்பி, மாமியின் கதிரைக்கு நேரே தெரிந்த குசினிக்குள் போனார். அதற்குத்தான் அந்தத் தலை அலமாரி விளிம்பில் மோதியது.

மாமி எழும்பினார். மூப்பர் "அக்கா, செபத்தை முறிக்கக்கூடாது" என்று அடிக்குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. யாரோ அவசரமாகப் பாட்டை எடுத்தார்கள். அந்தப் பாட்டுக்குள்ளே மாமி நொண்டி நொண்டிக் குசினிக்குள் போனார். அவருடைய கால்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். ரக்கூனைக் கண்டால் நடுங்குகிற அதே நடுக்கம்தான்.

"வெளியில போங்கோ அன்ரி. இது எங்கட குடும்ப விசயம்" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் குரல்.

 நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் அந்தப் பிள்ளையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, தன் முதுகை வீட்டுக்காரருக்குக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் நெற்றியில் இருந்து இரத்தம் வடிந்து மாமியின் வெள்ளைப் பின்னல் சட்டையை நனைத்திருந்தது. றோல்ஸ் பொரித்த இரும்புச் சட்டி அந்த ஆளின் கையில். முதலாவது அடி மாமியின் தோளில் விழுந்தது. இரண்டாவதை மாமி கையால் மறித்தார். எலும்பு முறிகிற சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மாமி குழறினார், ஆனால் பிடியை விடவில்லை. மூன்றாவதுக்குச் சட்டி உயரும்போது நான் அந்த ஆளின் மேல் பாய்ந்தேன். வீரம் ஒன்றுமில்லை, என் பாரம்தான் வேலை செய்தது. இரண்டு பேரும் நிலத்தில் விழுந்து உருண்டோம். என் வாயில் குத்தினார். ஒரு பல் போனது. நானும் சும்மா விடவில்லை. அவர் மூக்கை உடைத்ததில் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்னச் சந்தோசம் இருக்கிறது. கொதிக்கிற தண்ணிக் கேத்தில் சரிந்து எங்கள் இரண்டு பேரின் காலையும் அவித்தது. பொலிஸ் வந்து அவரை விலங்கு மாட்டிக் கொண்டுபோகும்வரை முன்னறையில் பாட்டு நிற்கவேயில்லை.

மாமியின் கைக்குக் கம்பி வைத்துத் தைத்தார்கள். பிள்ளையை நாங்கள் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வீட்டுக்காரர் பிணையில் வந்து அஜக்ஸில் தமையன் வீட்டில் இருந்தார். மனைவிக்குக் கிட்டவும் வரக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. அந்தத் தடை எவ்வளவு காலம் நிற்கும் என்பதெல்லாம் வழக்கைப் பொறுத்தது. அவருடைய கதை இதுதான்: பிள்ளை கொட்டின தேத்தண்ணியில் வழுக்கி விழுந்து தலையை அடித்துக்கொண்டாள், கிழவி வந்து கூச்சல் போட்டதால் தள்ளுமுள்ளு வந்தது. நான் கண்டது மாமிக்கு விழுந்த அடிகளை மட்டும், அதுவும் அந்த ஆளின் மூக்கை உடைத்தவனின் சாட்சி அவ்வளவாக எடுபடாது என்றார்கள். தொடக்கத்தைப் பிள்ளை சொல்வாள், ஆனால் அவள் பேச்சுக்கு எதிராக அவர் பேச்சு. செபத்துக்கு வந்த மற்ற எல்லாரும், ஒத்திகை பார்த்த மாதிரி, ஒரே விடை சொன்னார்கள்: நாங்கள் கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தோம், ஒன்றும் காணவில்லை. மிச்சம் மாமி ஒருவர்தான். அவர் சொல்லாவிட்டால் அந்த மனிதன் வெளியே. வெளியே வந்தால் பிள்ளை உயிரோடு இருக்கமாட்டாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மாமியின் சாட்சிதான் எல்லாம் என்று அந்த மனிதனின் ஆட்களுக்கும் தெரிந்ததால்தான் தொலைபேசி வரத் தொடங்கியது. மாமி எடுத்தால் ஒரு ஆண் குரல், "கைதானே உடைஞ்சது அன்ரி, இன்னும் கழுத்து இருக்கு" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடும். என் கார்க் கண்ணாடியை நொறுக்கினார்கள். ஒரு ஞாயிறு மத்தியானம், பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யன்னலை உடைத்துக்கொண்டு ஒரு செங்கல் மேசையில் வந்து விழுந்தது. மீன்குழம்புச் சட்டி சிதறி, சோறு முழுக்கக் கண்ணாடித் துண்டு. என் மனைவியின் கன்னம் கிழிந்தது. மாமி மேசைக்குக் கீழே போய்ச் சுருண்டுகொண்டார். வெளியே வரமாட்டேன் என்று குழந்தை மாதிரி அழுதார். அவரைத் தூக்கி எடுத்தபோது பயத்தில் உடுப்பு நனைந்திருந்தது.

"நான் கோட்டுக்குப் போகேல்லைத் தம்பி. என்னால ஏலாது. என்னை விடுங்கோ."

நான் வற்புறுத்தவில்லை. மனைவியின் முகத்தில் தையலைப் பார்த்த எனக்கும் அதே நினைப்புத்தான்.

அந்த வாரம் மூப்பர் வந்தார். கேக் வாங்கிக்கொண்டு வந்தார். யன்னலுக்கு அடித்திருந்த பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு விசயத்துக்கு வந்தார். "அக்கா, மன்னிக்கிறதுதானே எங்கட வேதம். மாதா வந்த வீட்டில பொலிஸ் வந்தது பெரிய அவமானம். அந்தப் பிள்ளையும் தன்ர சிலுவையை விசுவாசத்தோட சுமக்கட்டும். நாங்கள் எல்லாரும் செபிப்பம்."

பிள்ளை மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமி அவளைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருடத்தில் தன் மகளுக்கே சொல்லாத ஒன்றை மூப்பரிடம் சொன்னார்.

"மன்னாரில எங்கட வீட்டிலயும் செபம் நடக்கேக்கைதான் வந்தவங்கள், மூப்பர். துவக்கோட. என்ர தம்பியை வீட்டு முத்தத்தால இழுத்துக்கொண்டு போறாங்கள். விடாமச் சொல்லுங்கோ எண்டு அப்பா கையைக் காட்டினார். நாங்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இன்னும் பலமாச் சொன்னம். அவன் அக்கா எண்டு கூப்பிட்டவன். என்ர வாய் செபத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. முடிச்சு எழும்பிப் பாக்க அவன் இல்லை. இண்டைக்கு வரைக்கும் இல்லை. ஊரில எல்லாரும் என்ன விசுவாசமான குடும்பம் எண்டு சொல்லிச்சினம். உது விசுவாசமில்லை மூப்பர். பயம். அண்டைக்கும் பயம், உங்கட பாட்டும் பயம். நீங்கள் கேக்கை எடுத்துக்கொண்டு போங்கோ."

மூப்பர் கேக்கை எடுத்துக்கொண்டுதான் போனார்.

வழக்கு நாளன்று காலையில் மாமி இரண்டு தரம் வாந்தி எடுத்தார். நீதிமன்றத்தின் எலிவேற்றருக்குள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தார். சாட்சிக் கூண்டில் ஏறியபோது அந்த ஆள் எதிரே இருந்து கண் வெட்டாமல் அவரையே பார்த்தார். பின்வரிசை வாங்கில் தமையனும் கூட்டாளிகளும். அரச சட்டத்தரணி கேட்டதற்கெல்லாம் மாமி மெல்லிய குரலில் விடை சொன்னார்: அவர் குசினிக்குள் போனார், பின்னலைச் சுத்திப் பிடித்தார், அலமாரியில் அடித்தார். கதிரையில் இருந்தபடி கண்டேன்.

பிறகு அந்த ஆளின் சட்டத்தரணி எழும்பினார். வெள்ளைக்கார இளைஞர், நல்ல பண்பாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளராக இருந்த தமிழ்ப் பெண் அதைத் தமிழில் சொன்னாள்.

"அன்ரி, செபத்துக்கு வந்த எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்ததாச் சொல்லியிருக்கினம். நீங்கள்தான் அந்தச் செபத்தை நடத்தினீங்கள். எல்லாரிலயும் பக்தியான ஆள் நீங்கள். நீங்கள் மட்டும் கண்ணைத் திறந்து வைச்சிருந்தீங்களோ எண்டு கேக்கிறார்."

மாமியின் வாய் கோணியது.  இப்போது அழப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

"ஓம் தம்பி" என்றார் அந்தச் சட்டத்தரணியைப் பார்த்து. "என்ர தம்பி போனதில இருந்து நான் கண்ணை மூடிச் செபிக்கிறேல்லை. பயம். திறக்கேக்கை ஆர் இல்லாமப் போயிருப்பினமோ எண்டு பயம். அதாலதான் கண்டனான்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். சட்டத்தரணி வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். எனக்கு முன்னால் இருந்த பிள்ளை, வழக்குத் தொடங்கியதில் இருந்து மடியையே பார்த்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தித் தன் புருசனின் முகத்தை நேராகப் பார்த்தாள். அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார்.