முழங்காலுக்கு ஒரு நேர்த்தி

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை எங்கள் ஊரான கோப்பாயில் ஒருவருக்கும் முழுதாக விளக்கி முடித்ததில்லை. ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

"அவுஸ்திரேலியாவிலை என்ன பிள்ளை செய்யிறீர்?"

"கூடைப்பந்து விளையாடுறன்."

"நல்லது, உடம்புக்கு நல்லது. வேலை என்ன செய்யிறீர்?"

"அதுதான் வேலை."

கேட்டவர் என்னை அடி முதல் முடி வரை ஒருமுறை பார்ப்பார். அதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும், நான் ஆறடி ஒரு அங்குலம். பிறகு, "உதிலை பென்சன் இருக்கோ?" என்பார். இல்லை என்றதும் பாவம் பார்த்து இன்னொரு தேத்தண்ணி தருவார்.

பதினொரு வயதில் மெல்பேர்னுக்குப் போனேன். அதுவரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியிருந்தேன். வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் ஓடக் கூடாது, நின்ற இடத்தில் நின்று எறிய வேண்டும். உயரத்தைப் பார்த்துவிட்டு மெல்பேர்ன் பள்ளியில் என்னைக் கூடைப்பந்துக்குள் தள்ளினார்கள். முதல் ஆட்டத்தில் பந்து கைக்கு வந்தது, நான் வேலிக்கு நட்ட கதியால் போல் நின்றேன். அரங்கமே "ஓடு, ஓடு" என்று கத்துகிறது. ஓடக் கூடாதென்பது எனக்குத் தெரியும், இவர்களுக்குத்தான் விளையாட்டுத் தெரியவில்லை என்று பிடிவாதமாக நின்றேன். எதிரணிப் பெண் வந்து பந்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கூடைக்குள் போட்டாள்.

அப்படித் தொடங்கியவள் எப்படியோ தொழில்முறை ஆட்டக்காரி ஆனேன். பன்னிரண்டு பருவங்கள், மூன்று கழகங்கள், இடையில் ஒரு பனிக்காலம் ஐரோப்பாவில். தொழில்முறை என்றால் மாளிகையும் காரும் என்று நினைக்க வேண்டாம். பெண்களின் பருவம் பாதி வருடம்தான். மீதிப் பாதியில் நான் மருந்துக் கடையொன்றில் நின்று, எட்டாத தட்டிலிருந்து போத்தல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடையில் என்னை வேலைக்கு எடுத்ததற்கு வேறு காரணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது பந்தைத் தட்டுவதை அல்ல, "இல்லை" என்று சொல்வதை. பயிற்றுநர் கேட்பார், மருத்துவர் கேட்பார்: நோகிறதா? இல்லை. விரல் வீங்கிக் கிடக்கும்போதும் இல்லை. ஓம் என்றால் ஆட்டத்திலிருந்து இறக்கி ஓரத்து வாங்கில் உட்கார வைத்துவிடுவார்கள். பிறகு உன் இடத்தில் இன்னொருத்தி நிற்பாள்.

ஊரில் எனக்கு ஒரே ஒரு ரசிகை இருந்தார். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. வயது ஐம்பத்தாறு, உயரம் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. நீர்வேலியில் உள்ள வாழைத் தோட்டத்தைத் தனியாகவே பார்க்கிறார். காலையில் ஸ்கூட்டியில் போய் வேலையாட்களோடு சண்டை பிடித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருவார். மெல்பேர்னில் எங்கள் ஆட்டம் இரவு ஏழு மணிக்கென்றால் கோப்பாயில் சரியாகச் சோற்று நேரம். தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு ஆட்டம் விடாமல் பார்ப்பார். விதிகள் எதுவும் தெரியாது. யாரோ என்னை இடித்ததால் எனக்குத் தனியே எறியும் வாய்ப்புக் கிடைத்தால், "ஏன் பிள்ளை உன்னை மட்டும் எல்லாருக்கும் முன்னாலை நிப்பாட்டி வைச்சவங்கள்? நீ என்ன பிழை செய்தனி?" என்று கேட்பார். விளக்கினேன். அடுத்த கிழமையும் கேட்டார்.

அப்படி ஒரு மத்தியானம் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் என் இடது முழங்கால் போனது. யாரும் இடிக்கவில்லை, தட்டவில்லை. எகிறிப் பந்தைப் பிடித்து இறங்கினேன், உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. தரையில் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதபடி கிடந்தேன். நோகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

கோப்பாயில் சின்னம்மா பாதிச் சோற்றோடு எழும்பிக் கையைக் கழுவிவிட்டு எங்கள் அம்மன் கோயிலுக்கு ஓடியிருக்கிறார். கோயில் பூட்டியிருந்ததால் வாசற் கதவில் கையை வைத்து எனக்காக நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார். என்ன நேர்த்தி என்பது எனக்குப் பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஒப்பிரேசன் முடிந்து ஒன்பதாவது மாதம். கழகம் எனக்கு ஒரு வருட ஒப்பந்தம் தரத் தயாராக இருந்தது, ஒரு நிபந்தனையோடு. செப்டெம்பரில் ஒரு சோதனை. ஒற்றைக் காலில் எகிறிப் பாய்ந்து, அதே காலில் இறங்கி, அசையாமல் நிற்க வேண்டும். இடது காலின் தூரம் வலது காலின் தூரத்துக்குக் கிட்ட வர வேண்டும். வரவில்லையென்றால் ஒப்பந்தம் இல்லை. முப்பத்துமூன்று வயதில், தைத்த முழங்காலோடு வேறு எந்தக் கழகமும் என்னை எடுக்காது. எனக்கு இன்னும் ஒரே ஒரு பருவம் வேண்டும். தரையில் கிடந்து அழுததுதான் என்னுடைய கடைசிக் காட்சி என்று முடியக் கூடாது.

காலில் பலம் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் அளந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். இல்லாதது தைரியம். இடது காலில் இறங்க வேண்டிய கணத்தில் நான் என்னை அறியாமல் வலது காலைக் கீழே வைத்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கடைசியில் அவள், "கொஞ்ச நாள் எங்காவது போய் ஓய்வெடு, முழங்காலை மறந்துவிடு" என்றாள். கூடவே செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல். முழந்தாளிடக் கூடாது என்பது முதல் வரி.

முழங்காலை மறக்கத்தான் ஊருக்கு வந்தேன். வந்து இறங்கிய அன்றே சின்னம்மா சொன்னார்.

"வாற வெள்ளி தேர். நீ அடியழிக்க வேணும். உனக்காக நேர்ந்திருக்கிறன்."

அடியழித்தல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேருக்குப் பின்னால், கோயிலைச் சுற்றி வெளிவீதி முழுக்க, அடிக்கு அடி முழந்தாளிட்டு, நெற்றியை மணலில் வைத்து, எழும்பிக் கும்பிட்டு, ஓரடி வைத்து, திரும்பவும் முழந்தாளிட வேண்டும். ஒரு சுற்றில் எத்தனை நூறு தடவை என்று யாரும் எண்ணுவதில்லை.

"சின்னம்மா, முழங்கால் சுகமாக வேணும் எண்டு நேர்ந்தனீங்கள். அதுக்கு முழங்காலை உடைக்கிற நேர்த்தியோ?"

"பின்னை? முழங்காலுக்குத்தானே நேர்ந்தது."

ஒரு குலை வாழைப்பழம், நூற்றெட்டுத் தேங்காய், பால்குடம் என்று வேறு எதையெல்லாமோ பேரம் பேசிப் பார்த்தேன். அம்மனோடு கதைத்ததைத் தான் மாற்ற மாட்டாராம். கடைசியில் சோதனையைப் பற்றிச் சொன்னேன்.

"ஒற்றைக் காலிலை கெந்திறதோ?" சின்னம்மாவுக்குச் சிரிப்பு. "கெந்தித் தொட்டு விளையாடுறதுக்கோ அங்கை சோதினை வைக்கிறாங்கள்?"

"அதிலை நான் பெயில் சின்னம்மா."

சிரிப்பு நின்றது. "சரி, நான் அடியழிக்கிறன். நீ பக்கத்திலை வா" என்றார்.

வெள்ளிக்கிழமை, தேர் இருப்பை விட்டு அசைந்ததும் சின்னம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் முறை விழுந்தார். நான் பஞ்சாபி உடுப்பில், கையில் துவாயும் தண்ணீர்ப் போத்தலும். கூட்டத்தில் என் தலை மட்டும் தனியே தெரிந்ததால், தூரத்திலிருந்தே இரண்டு பேர் வந்து என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

தெற்கு வீதி வரை சின்னம்மா இளம் பெடியள் மாதிரி விழுந்து எழும்பினார். மேற்கு வீதியில் வேகம் குறைந்தது. வெயில் ஏறிவிட்டது, போத்தலில் தண்ணீரும் முடிந்துவிட்டது. தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிவரப் போனேன். கையில் குவளையோடு திரும்புகிறேன், நாலைந்து அடி தூரத்தில் சின்னம்மா எழும்பி நின்றவர் ஒரு பக்கமாகச் சரிகிறார். அந்தப் பக்கம் தேருக்கு முன்னால் அடித்த தேங்காய்ச் சிரட்டைகள், கூராக, குவியலாக.

குவளை எங்கே போனதென்று தெரியாது. இடையில் இன்னொரு பெண் நெற்றியை மணலில் வைத்துக் கிடந்தார். சுற்றிப் போக நேரமில்லை. அவருக்கு மேலால் பாய்ந்தேன். இறங்கி, சின்னம்மாவை இரண்டு கையாலும் அக்குளுக்குள் பிடித்து நிமிர்த்திவிட்டேன்.

சின்னம்மா கண்ணைத் திறந்து, "மோர் எங்கை?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இடது காலில் இறங்கியிருக்கிறேன். அந்த ஒற்றைக் காலில், ஒரு ஆளையும் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். வலது கால் இன்னும் காற்றில் இருந்தது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் நான் தாண்டிய பெண் எழும்பி உட்கார்ந்து, நெற்றி மணலோடு என்னைப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும், சின்னம்மாவை விடவும் கட்டை.

"பிள்ளை, என்னைக் கடந்துபோட்டீர். திரும்பிக் கடந்துவிட்டுப் போம். இல்லாட்டி நான் வளரமாட்டன்."

சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் எல்லோரும் பயந்த விசயம் அது. படுத்திருப்பவரைத் தாண்டினால் அவர் வளர மாட்டார். தாண்டியவரே திரும்பத் தாண்டினால்தான் சரியாகும். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார், ஆனாலும் திரும்ப மணலில் நெற்றியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பகிடியும் உண்மையும் பாதிப் பாதி. பின்னால் அடியழித்து வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

முதல் பாய்ச்சலில் எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. இப்போது இருந்தது. சும்மா காலைத் தூக்கி வைத்துக் கடந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இப்போது பாயாவிட்டால் செப்டெம்பரிலும் பாய மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டடி பின்னால் போய், வலது காலில் உந்தி, அவருக்கு மேலால் பறந்து, இடது காலில் இறங்கினேன். தெரிந்தே இறங்கினேன். முழங்கால் நின்றது. நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"வளந்திட்டன்" என்றார் அந்தப் பெண், எழும்பிக் கும்பிட்டுக்கொண்டு.

சின்னம்மா சுற்றை முடித்தார். மிச்ச வீதி முழுக்க ஒவ்வொரு தடவையும் நான்தான் குனிந்து கைகொடுத்துத் தூக்கினேன். பிசியோவின் பட்டியலில் அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து முற்றத்தில் கோடு கீறி, ஒரு காலில் மாறி ஒரு காலில் பாய்ந்தேன். சின்னம்மா நான் இறங்கிய இடங்களில் ஈர்க்குக் குச்சி குத்தினார். இரண்டு ஈர்க்குக்கும் இடையில் நாலு விரற்கடைதான் வித்தியாசம்.

"பாஸ்தானே?" என்றார். "ஆனால் ஒண்டு. இண்டைக்கு நான் அடியழிச்சது என்ரை கணக்கிலை. உன்ரை பேரிலை நேர்ந்தது அப்பிடியே கிடக்கு."

"எத்தினை நாளைக்கு?"

"உன்ரை விளையாட்டு முடியட்டும். அதுவரைக்கும் அம்மன் பொறுத்துக்கொள்ளுவா."

செப்டெம்பரில் பாஸ் பண்ணினேன். அந்தப் பருவம் முழுக்க ஆடினேன், முன்பை விடக் கொஞ்சம் மெதுவாக, முன்பை விட நிறையச் சிரித்துக்கொண்டு. கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் என்னை இடித்தார்கள். எல்லோருக்கும் முன்னால் என்னைத் தனியே நிறுத்தி எறிய விட்டார்கள். இரண்டு எறிகளும் உள்ளே விழுந்தன. அரங்கம் எழும்பி நின்று கைதட்டியது. பிழை எதுவும் செய்யாமலே அங்கே நிற்பது எவ்வளவு சந்தோசம் என்று நினைத்தேன். உடுப்பு மாற்றும் அறையில் போனைப் பார்த்தால் சின்னம்மாவின் செய்தி: "ரெண்டும் விழுந்தது. நான் சோத்தை முடிச்சிட்டன்."

இப்போது திரும்பவும் தேர்க் காலம். எனக்கு ஒப்பந்தம் இல்லை, சோதனை இல்லை, பட்டியலும் இல்லை. கேட்பவர்களிடம் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன் என்று சொன்னேன், எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. அது கொஞ்சம் வலித்தது.

இன்று காலை தேர் இருப்பை விட்டு அசைந்தது. துவாயும் தண்ணீர்ப் போத்தலும் இந்த முறை சின்னம்மாவின் கையில். அவர் எனக்கு முன்னால் நடந்து, "தள்ளி வாங்கோ, தள்ளி வாங்கோ" என்று வழி விலக்கினார். யாராவது என்னைக் கடந்தால் என்ன செய்வது என்று பகிடியாகக் கேட்டேன். "கடந்திட்டுப் போகட்டும். நீ வளந்தது காணும், இனி வளரத் தேவையில்லை" என்றார்.

நான் முழந்தாளிட்டேன். நெற்றியை மணலில் வைத்தேன். எழும்பினேன், ஓரடி, திரும்ப முழந்தாள். தெற்கு வீதி முடிவதற்குள்ளேயே இடது முழங்கால் தன் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. ஒரு தடவை எழும்ப முடியாமல் அப்படியே மணலில் இருந்துவிட்டேன். சின்னம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நோகுதோ பிள்ளை?"

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் "இல்லை" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். இனி யார் என்னை வாங்கில் உட்கார வைக்கப் போகிறார்கள்?

"ஓம் சின்னம்மா. நல்லா நோகுது."

"நோகும்தானே" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்தார்.