ஊசியும் தாழ்ப்பாளும்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் என் வீட்டுக்காரர். எனக்கு வெளுத்ததெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீர். ஆகவே, என் தம்பிக்குக் கெட்டமைன் ஏற்றிப் பார்க்கலாம் என்று மனநல டாக்டர் சொன்னபோது அவர் "சரிங்க டாக்டர்" என்றார். நான் "எதுக்கு?" என்றேன்.

தம்பிக்கு பெங்களூர் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. அங்கேயே ஒரு பி.ஜி.யில் தங்கியிருந்தான். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று அறையில் கூடத் தங்கியிருந்த பையனிடம் சொல்லியிருக்கிறான். அது என் காதுக்கு வந்த அன்றே பெட்டியோடு அவனை ஈஜிபுராவுக்கு, எங்கள் வீட்டுக்கு, இழுத்து வந்துவிட்டேன். எவனோ ஒருவனிடம் சொன்னவன் கூடப்பிறந்த என்னிடம் சொல்லவில்லையே என்கிற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எப்போது கேட்டாலும் "நல்லாத்தான்க்கா இருக்கேன்" என்பான். அதை ஒரு நாளும் நான் நம்பியதில்லை.

முதல் வேலையாகக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி என் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் யார் குளிக்கப் போனாலும் உள்ளேயிருந்து "ஆள் இருக்கு" என்று கத்த வேண்டும். வீட்டுக்காரர் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். தம்பி மட்டும் வாயைத் திறக்க மாட்டான். நான்தான் கதவைத் தட்டித் தட்டி, "டேய், இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே நிற்பேன்.

மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் இந்தக் கெட்டமைன் பேச்சு வந்தது. அதை ஏற்றுகிற கிளினிக்கில் நுழைந்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் டெட்டால் நாற வேண்டும். இங்கே எலுமிச்சைப்புல் மணந்தது, எங்கிருந்தோ புல்லாங்குழல் வேறு. கெட்டமைன் என்றால் என்னவென்று போனில் நான் ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தேன்.

"இது போதைக்கு எடுக்கறதுதானே டாக்டர்?" என்று நேராகவே கேட்டேன்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்கற மருந்தும்மா. கண்டபடி எடுத்தா போதைதான், கெடுதல்தான். நாங்க கொஞ்சமா, பக்கத்துலயே இருந்து பார்த்துக் குடுப்போம். நிறைய பேருக்குச் சீக்கிரமே கேக்குது. சில பேருக்குக் கேக்கறதே இல்ல. கேட்டாலும் நிலைச்சு நிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மாத்திரை, கவுன்சலிங் ரெண்டையும் விடக்கூடாது."

அதையும் நான் சந்தேகப்பட்டேன். விற்கிறவளே சரக்கின் குறையைச் சொன்னால் அதிலும் ஒரு தந்திரம் இருக்கும் என்பது சந்தையில் நான் கற்ற பாடம்.

தம்பி கையில் டிரிப்ஸ் ஏறியது. கண்ணுக்குத் துணிப்பட்டை கட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பட்டைக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. நான் பதறி எழுந்தேன். "ஒண்ணுமில்லக்கா, உக்காருங்க" என்று நர்ஸ் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். எழுந்த பிறகு, தன் கால்கள் எங்கேயோ தூரத்தில் கிடந்தன என்றான். திரும்பி வரும்போது கேப் டிராபிக்கில் நின்றது. வருஷக்கணக்காய் முடியாமல் கிடக்கும் எங்கள் ஏரியா மேம்பாலத்தின் தூண்களைப் பார்த்து, "அழகா இருக்குல்லக்கா" என்றான். புத்தி சரியாக இருக்கிற யாரும் அந்தத் தூண்களை அழகு என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் மறுநாள் இன்னும் ரெண்டு இட்லி கேட்டான். அடுத்தடுத்து ஊசி போகப் போக, தாடியை எடுத்தான், என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தான், என் சாம்பாரில் குறை சொன்னான். இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவள் மாதிரி மின்னினான். திருப்பிக் கொடுக்கிற நாள் என்றைக்கோ என்றுதான் எனக்கு அடித்துக்கொண்டது.

எங்கள் குடும்பத்தில் ஊசி என்றால் அதுதான் கடைசி வார்த்தை. ஜுரத்துக்குப் போனாலும் ஊசி போடாமல் அனுப்புகிறவரை டாக்டர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டோம். ஆம்பூரிலிருந்து அம்மா தம்பிக்குப் போன் செய்தாள். "ஊசி போட்டாச்சுல்ல? அப்புறம் எதுக்குடா மாத்திரை? அது உடம்புக்குச் சூடு." தம்பியும் இதுதான் சாக்கு என்று மாத்திரையை நிறுத்திவிட்டான். கவுன்சலிங்கும் போகவில்லை. இது தெரிந்து நான் போட்ட சத்தத்தில் மாத்திரை திரும்பியது, கவுன்சலிங் திரும்பவில்லை. வீட்டுக்காரரோ, "மச்சானை நம்பணும்மா, வயசுப் பையன்" என்று புடவைகளுக்கு அடியில் துழாவித் தாழ்ப்பாளை எடுத்து மறுபடி மாட்டிவிட்டார். அவன் குளிக்கும்போதெல்லாம் நான் பீன்ஸோடு அந்தக் கதவருகே உட்கார்ந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அந்த மாதம் பீன்ஸ் பொரியல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோழி கழுவிக்கொண்டிருந்தேன். தம்பி ஸ்க்ரூ டிரைவரோடு சமையலறை வாசலில் வந்து நின்றான். முகம் பழையபடி சாம்பல் பூத்திருந்தது.

"அக்கா, அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டிடு."

"ஏன்டா?"

"நல்லா இல்லக்கா. பழையபடி வருது. டாக்டருக்குப் போன் போடு."

வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்து, "அப்போ ஊசி கேக்கலையா?" என்றார். டாக்டரிடமும் போனில் அதையேதான் கேட்டேன். இது சிலருக்கு இப்படித் திரும்பும், உடனே கூட்டிக்கொண்டு வாங்க, அவனைத் தனியாக விடாதீங்க என்றார். இந்தத் தடவையும் சத்தியம் பண்ணவில்லை.

அந்தக் கிளினிக்கின் புல்லாங்குழலை இன்றைக்கும் நான் நம்பவில்லை. மருந்து தோற்றதா, இல்லை இவனை இப்படி வாய் திறக்க வைத்ததே அதுதானா, எனக்குத் தெரியாது. ஆனால் "நல்லா இல்லக்கா" என்று அவன் சொன்னதை மறு கேள்வி கேட்காமல் நம்பினேன். கோழிப் பிசுக்கு ஒட்டிய கையைக் கழுவிவிட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். திருகாணிகளை அவன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டான்.

கிளம்புவதற்கு முன்னால் குளிக்கப் போனான். நான் கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். தட்டுவதற்குள் உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

"ஆள் இருக்குக்கா."